படத்தில் தெரிந்த துண்டு எலும்பு

இதை எழுதாமலேயே விட்டிருப்பேன். ஒன்பதாம் வகுப்பை இரண்டு முறை படித்தும் தாண்டாதவன் எழுதி, அதை யார் படிப்பது? ஆனால் போன வாரம் சேலம் ஆஸ்பத்திரி நடையில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். பெரியவர் ஒருவர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இங்க பாரு, இதுதான் ஒடஞ்ச துண்டு. அவனச் சும்மா உடக்கூடாது" என்றார். சுற்றி நின்றவர்களின் முகமெல்லாம் இறுகிப்போனது. அந்த இறுக்கம் எனக்குப் பழக்கம். எங்கள் வீட்டில் அது பல வாரம் தங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது.

ஆகவே எழுதுகிறேன். கணுக்கால் படத்தில் ஏதோ துண்டு தெரிகிறது என்று சொல்லப்பட்டவர்கள் படிக்க வேண்டும். அவர்களைவிட, அவர்களுடைய அண்ணன்மார்கள் படிக்க வேண்டும்.

என் பெயர் பூபதி. வெள்ளக்கடைக்குப் பக்கத்தில் எஸ்டேட் ஆட்களுக்கான லைன் வீட்டில் அம்மா, அண்ணன் செல்வம், நான். அண்ணன் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறார். நான் சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாத்தி ஏறி, படர்ந்த கொடியில் மிளகு பறிக்கிறவன். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். எஸ்டேட் கணக்கு எழுதும் எங்கள் ரைட்டர் என்னைத் திட்டாமல் விட்டால் அவருக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

பொங்கலுக்கு எங்கள் ஊர்த் திடலில் கபடி. எதிரே தலைச்சோலை அணி. அதில் இடது மூலையில் நிற்பவன் ராசு. நாங்கள் இருவரும் ஏற்காட்டில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் பாஸாகிப் போனான். நான் பெஞ்சுக்குத் துணையாக இருந்தேன். அவன் வீட்டுக்குச் சொந்தமாகக் காப்பித் தோட்டம் உண்டு. மாசத்தில் பாதி நாள் நான் அங்கேதான் கிடப்பேன். ஆனால் கோடு கிழித்துவிட்டால் அவன் தலைச்சோலை, நான் வெள்ளக்கடை. ராசு கணுக்காலைப் பிடித்தால் உடும்புதான்.

"ஏன்டா ராசு, குளுருக்குக் கைய அக்குள்ல சொருகீட்டா நிக்கற?" என்று பாடிக்கொண்டே உள்ளே போனேன்.

"நீ வா சாமி. கால மட்டும் கொஞ்சம் காட்டு" என்றான்.

காட்டினேன். அவனைத் தொடக் காலை நீட்டிய நொடியில் பாய்ந்து இரண்டு கையாலும் இடது கணுக்காலைக் கவ்வினான். என் உடம்பு நடுக்கோட்டை நோக்கிப் பாய்ந்தது. பாதம் மட்டும் விரல் நீட்டியபடி அவனிடம் நின்றுவிட்டது. மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். கணுக்காலின் பின்பக்கம், குதிகால் நரம்புக்கு உள்ளே, ஆட்டுக்கல்லில் சரளைக் கல்லைப் போட்டு அரைத்ததுபோல ஒரு வலி. வாய் நிறைய மண்ணோடு கத்தினேன்.

"விசிலுக்கு அப்பறமும் முறுக்கறான் பாரு!" என்று எங்கள் பக்கத்தில் யாரோ கத்தினார்கள். அதற்குப் பிறகு கபடி இல்லை. கொடிக்கம்பைப் பிடுங்கி ஒருவன் அடித்தான். ராசுவின் உதடு கிழிந்து ரத்தம் என் சட்டையில் சொட்டியது. நான் கால்களுக்கு நடுவில் கிடந்தேன். என் விரல்களை மிதித்துக்கொண்டு எங்கள் ஊர்க்காரனே எனக்காகச் சண்டை போட்டான்.

விசில் எப்போது ஊதியது என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டது என் கத்தல் மட்டும்தான்.

மறுநாள் கணுக்கால் பலாப்பிஞ்சு போலிருந்தது. அண்ணன் மலை மேலேயே ஒரு சின்னக் கிளினிக்கில் காட்டினார். பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் அதை நிமிர்த்திப் பார்த்து, "டேலஸ் (கணுக்கால் மூட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கும் எலும்பு) பின்னால உடைஞ்சிருக்கு. துண்டு தனியா நிக்குது" என்றார்.

"ஏனுங்க டாக்டர், சும்மா புடிச்சா இப்படி ஒடையுங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"நல்லா முறுக்கியிருந்தா உடையும்."

அவர் அதைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் அந்த வாக்கியம் அதற்குப் பிறகுதான் வளர ஆரம்பித்தது.

முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. படத்தை அண்ணன் எங்கள் ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டு மாட்டினார். பார்க்க வந்தவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்கள். வெளிச்சம் வந்தால் எலும்புகள் வெள்ளையாகத் தெரியும். டேலஸுக்குப் பின்னால் ஒரு புளியங்கொட்டை அளவுத் துண்டு. "இதாங்க, இதத்தான் ஒடச்சுட்டான்" என்று அண்ணன் ஈர்க்குச்சியால் காட்டுவார். விசிலுக்கு முன்னாலா, பின்னாலா என்ற சந்தேகம் பொங்கலன்று இருந்தது. படம் வந்தபின் அது யாருக்கும் இல்லை. முறுக்காமல் எலும்பு முறியுமா?

ராசு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சோடு வருவான். அம்மா அவனுக்குக் காப்பி கொடுப்பார், பேச மாட்டார்.

"நீயாச்சும் சொல்லுடா பூபதி. விசில் கேட்டதும் நான் உட்டுட்டேன்" என்றான் ஒருநாள்.

"நீ உட்டியா இல்லியான்னு என்ற காலத்தான் கேக்கோணும். அது மாவுக்குள்ள தூங்குது. எழுப்பட்டுமா?"

நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிறவன் அன்று சிரிக்கவில்லை. ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மாவுக்கட்டு போட்டவர்களுக்குத் தெரியும், வலியைவிட அரிப்பு கொடுமை. குடைக் கம்பியை உள்ளே விட்டுச் சொறிந்து ரத்தம் பார்த்தேன். மிளகுப் பருவம் ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. ஆத்திரத்தில் ஒருமுறை மாவுக்காலாலேயே சுவரை உதைத்தேன். சுண்ணாம்பு பெயர்ந்தது. எனக்குக் கண் இருட்டியது. அம்மா, "செவுத்து மேல என்ன கோவம் சாமி, அது எந்த ஊருக்கு ஆடுச்சு?" என்றார்.

கட்டைப் பிரிக்கும் நேரம் வந்ததும் அதே கிளினிக்கில் இன்னொரு படம் எடுத்தார்கள். டாக்டர் இரண்டையும் பார்த்தார். "கொஞ்சம்கூட ஒட்டல. துண்டு அப்படியே நிக்குது. கட்டு இருக்கட்டும், சேலத்துல காட்டுங்க. ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கலாம். ஏணி ஏறுற வேலைன்னா கஷ்டந்தான்."

அண்ணன் ஜீப்பில் என்னைத் திரும்பக் கூட்டி வந்தார். லைன் வாசலில் ராசுவின் பைக் நின்றது. அவன் திண்ணையில் ஆரஞ்சுப் பையோடு உட்கார்ந்திருந்தான்.

அண்ணன் என்னைத் தாங்கி இறக்கி, வாசல் கல்லில் உட்கார வைத்தார். அவ்வளவு மெதுவாக. பிறகு என் அக்குளில் இருந்த ஊன்றுகோலை உருவிக்கொண்டார். அது காப்பிக் கட்டை, இரும்பு மாதிரி. எனக்காக அவரே செதுக்கி, அக்குளில் உறுத்தாமல் இருக்கத் துணி சுற்றிக் கொடுத்தது.

"ஒட்டலியாம்டா. என்ற தம்பி இனி ஏணி ஏற முடியாதாம். எந்தக் கால நீ புடிச்சது? எடதா?"

ராசு எழுந்து நின்றான். "புடிச்சது நாந்தானுங்ண்ணா. இல்லீன்னு சொல்லல. விசில் கேட்ட ஒடனே உட்டுட்டனுங்க."

"அப்ப படம் பொய் சொல்லுதா?"

"படத்தப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. என்ற கையப் பத்தித் தெரியும்."

முதல் அடி தொடையில் விழுந்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். இரண்டாவது, தடுத்த கையில். ஆரஞ்சுகள் வாசலெல்லாம் உருண்டன. அண்ணன் அவன் முழங்காலைச் செருப்புக் காலால் அழுத்திக்கொண்டு மூன்றாவது அடியை இடது கணுக்காலில் இறக்கினார். காய்ந்த மரக்கிளை ஒடிகிற சத்தம். ராசு கத்தக்கூட இல்லை. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை.

நான் ஒற்றைக்காலில் பாய்ந்தேன், விழுந்தேன், கைக்குக் கிடைத்தது அண்ணனின் கெண்டைக்கால். கடித்தேன். வாயில் ரத்தம் வரும்வரை விடவில்லை. அம்மா அடுப்பில் கொதித்த காப்பிச் சட்டியோடு ஓடிவந்து அவர் முதுகில் கொட்டினார். அப்போதுதான் கட்டை கீழே விழுந்தது.

ராசுவின் பாதம் அது இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"வண்டிய எடுடா" என்றார் அம்மா. "ஒடச்ச கையாலயே ஓட்டு." பிறகு என்னைப் பார்த்து, "நீயும் ஏறு சாமி. எப்படியும் உன்னயக் காட்டோணுமில்ல, ஒரே போக்குல காட்டீட்டு வந்தரலாம்."

இன்றும் அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் வாசல் கல் பக்கம் பார்க்காமல் உள்ளே போகிறேன்.

ராசுவின் காலை அம்மா மடியில் வைத்துத் துண்டால் சுற்றிப் பிடித்திருந்தார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஜீப் சாயும், கால் ஆடும், அவன் கம்பியைக் கடிப்பான். அண்ணன் வேகத்தைக் குறைத்தார். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டு கொப்புளம் எழும்பியிருந்தது.

"வேகமா போங்கண்ணா" என்றான் ராசு. "மெதுவாப் போனா நொம்ப நேரம் வலிக்குதுங்க."

சேலத்தில் எலும்பு டாக்டர் ஒரு அம்மா. ராசுவுக்கு ஊசி போட்டுப் படம் எடுத்தார்கள். விளக்குப் பெட்டியில் (படத்துக்குப் பின்னால் வெளிச்சம் தரும் பலகை) அவன் படத்தை மாட்டினார். பக்கத்தில் இடம் இருந்ததால் என் படத்தையும் மாட்டினார். இரண்டு இடது கணுக்கால்கள். அவர் ராசுவின் படத்தைச் சீக்கிரம் பார்த்து முடித்துவிட்டார். என் படத்தின் முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றார்.

"இவருக்கு எதுக்குக் கட்டு போட்டாங்க?"

"எலும்பு ஒடஞ்சிருச்சுங்க" என்றார் அண்ணன்.

டாக்டர் என் வலது காலையும் படம் எடுத்து வரச் சொன்னார். எனக்கு அந்தக் காலில் ஒன்றுமே இல்லை என்றேன். "அதான் எடுக்கச் சொல்றேன்" என்றார். எடுத்து வந்தார்கள். மூன்றாவது படத்தையும் மாட்டினார்.

வலது காலிலும் டேலஸுக்குப் பின்னால் அதே புளியங்கொட்டை.

"இந்தக் காலை யார் முறுக்கினாங்க?" என்று அவர் கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "அத... அத யாருமே தொடலீங்களே."

டாக்டர் பேனா முனையால் காட்டினார். ராசுவின் எலும்பில் கோடு கூர்கூராக, கிழித்த காகிதம்போல இருந்தது. ஒரு துண்டின் பள்ளத்தில் இன்னொரு துண்டின் மேடு பொருந்தும். என்னுடையது அப்படியில்லை. சுற்றிலும் வழுவழுப்பு, ஓரமெல்லாம் வெள்ளையாக மூடிய வரப்பு. "இதுக்குப் பேர் ஆஸ் டிரைகோனம் (டேலஸுக்குப் பின்னால் சிலருக்கு இருக்கும் உபரிக் குட்டி எலும்பு). சின்ன வயசுல எல்லாருக்கும் அந்த இடம் தனியா வளர ஆரம்பிச்சு அப்புறம் பெரிய எலும்போட சேர்ந்துடும். சிலருக்குச் சேராமலே நின்னுடும். இவருக்கு ரெண்டு கால்லயும் நின்னிருக்கு. இது உடையல. உடையாதது எப்படி ஒட்டும்?"

"அப்ப நான் துடிச்சது?" என்றேன். "நடிப்புன்னு சொல்லிருவாங்க போல."

"வலி நிஜம். விரலை நீட்டின பாதத்தை அமுக்கினதுல அந்தக் குட்டி எலும்பு நடுவுல மாட்டி நசுங்கியிருக்கு. சுத்தியுள்ள சதை வீங்கிடுச்சு. வலி பொய்யில்ல, முறிவுதான் பொய்."

அண்ணன் விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் போனார். மூக்கு இடிக்கும் அளவுக்கு. எந்தத் துண்டை ஈர்க்குச்சியால் ஊருக்கெல்லாம் காட்டினாரோ அதை விரலால் தொட்டார்.

"அப்ப அத வெட்டி எடுத்துருங்க டாக்டர். ரெண்டு கால்லயும் வெட்டி எடுத்துருங்க. அது எதுக்குங்க உள்ள இருக்கோணும்?"

"அது ஒரு தப்பும் பண்ணலையே" என்றார் டாக்டர். பிறகு ராசுவைக் காட்டி, "இவர் காலை உடைச்சது யாரு?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் போலீஸ்காரர் விவரம் எழுத வந்தார். ராசுவிடம் கேட்டார். ஊசி மயக்கத்திலும் ராசு தெளிவாக, "அவங்களயே கேளுங்க" என்று அண்ணனைக் காட்டினான்.

"நாந்தானுங்க" என்றார் அண்ணன்.

அன்றைக்கே என் மாவுக்கட்டை ரம்பத்தால் அறுத்தார்கள். அடியிலிருந்து வெளியே வந்த கால் என்னுடையது இல்லை. வெளிறி, செதில் உதிர்ந்து, கெண்டைச் சதை கரைந்து, தவளைக் காலாக இருந்தது. உடையாத காலை வாரக்கணக்கில் கட்டிப்போட்டதால் வந்த நோய் அது. அதே மேஜையில் அடுத்து ராசுவைப் படுக்க வைத்தார்கள். தற்காலிகக் கட்டுப் போட்டு, வீக்கம் வடிந்தபின் தகடும் திருகாணிகளும் வைத்து அவனுக்கு அறுவை செய்தார்கள்.

என் கதை அங்கிருந்து சுலபம். ஐஸ் ஒத்தடம், மாத்திரை, பயிற்சி. ரப்பர் பட்டையை இழுக்க வேண்டும், தரையில் கிடக்கும் கோலிக்குண்டைக் கால் விரலால் பொறுக்க வேண்டும். பயிற்சி கொடுத்த அக்கா, "பாதத்தைக் கீழ நீட்டி அமுக்காதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "பரதநாட்டியம் ஆட மாட்டனுங்க" என்று வாக்குக் கொடுத்தேன். வலி நீடித்தால் ஊசி, அதற்கும் அடங்காவிட்டால்தான் அந்த எலும்பை எடுப்பது. எனக்கு அதுவரை போகவில்லை.

இதே மாதிரி படம் கையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. அந்த இடத்தில் உண்மையிலேயே முறிவதும் உண்டாம். சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். அதனால் நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஆனால் "இன்னொரு காலையும் படம் எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அதைக் கேட்க ஒன்பதாம் வகுப்புகூடத் தேவையில்லை. அதைக் கேட்காததால் என்ன ஆனது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்கு அண்ணனும் ராசுவும் ஒரே பஸ்ஸில்தான் போக வேண்டியிருக்கிறது. அந்த நேரத்துக்கு வேறு பஸ் இல்லை. அண்ணன் முன்னால் நிற்பார், ராசு பின்னால் உட்கார்வான். கூட்டம் அதிகமானால் அண்ணன் தன் உடம்பால் தடுத்து, அவன் காலை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்கிறார் என்று கண்டக்டர் சொன்னார்.

ஜன்னலிலிருந்து படத்தை அம்மா கழற்றிவிட்டார். சேதி மலை முழுக்கப் பரவியது. கொடிக்கம்பால் அடித்தவனே, "அப்ப ராசு முறுக்கல போல" என்றான். நல்ல சேதி என்று நினைத்து ஓடிப்போய் ராசுவிடம் சொன்னேன்.

"அதையும் படந்தான சொல்லுது?" என்றான். காலை நீட்டி உட்கார்ந்து காப்பிப் பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

இந்தப் பருவத்தில் அவன் தோட்டத்து மிளகை நான்தான் ஏறிப் பறித்தேன். எங்கள் ஏணி ஒற்றை மூங்கில்; கணுவில் விட்ட குச்சிகள்தான் படி. பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து ஏற வேண்டும். தகடு வைத்த காலால் முடியாது. ராசு கீழே நின்று மூங்கிலைப் பிடித்துக்கொள்வான். ஏறும்போது எனக்கு ஒன்றுமில்லை. இறங்கும்போது, அடுத்த குச்சியைத் தேடி விரலை நீட்டுகிற ஒவ்வொரு முறையும், பின்னால் அந்தப் புளியங்கொட்டை கடிக்கும். என்னோடு பிறந்து, என்னோடு வளர்ந்து, நான் சுவரை உதைத்தபோதும் உடன் இருந்தது. யாருமே பார்க்காதவரை அது நல்ல எலும்பாகத்தான் இருந்தது.

முன்பெல்லாம் என் உடம்பை நான் ஓட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன். இப்போது அதில் எனக்குத் தெரியாத இன்னும் என்னென்ன குடியிருக்கிறதோ என்று அடக்கமாக நடக்கிறேன். நேரமும் மாறிவிட்டது. பனி இறங்கும் காலையில், ராசு நொண்டாமல் நடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் எனக்குக் கடிகாரம். வெயில் ஏறி அவன் கால் இளகியபின்தான் நான் ஏணியை எடுக்கிறேன்.

இதுவரை எழுதியதைப் போனில் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினேன். முதல்முதலாக இவ்வளவு எழுதியிருக்கிறேன், தப்பு இருந்தால் சொல்லு, பெஞ்சில் ஒன்றாக இருந்த பாவத்துக்குத் திருத்திக் கொடு என்று கேட்டிருந்தேன். படித்துவிட்டான் என்று போன் காட்டியது. பிறகு ஒரு வரி வந்தது.

"எலும்பு நெசமாலுமே ஒடஞ்சிருந்தா என்னடா எழுதியிருப்ப?"